தொலைபேசி மோசடிச் சட்டத்துக்குள் இணையத்தையும் இழுப்பதா?

காலிவீதிக் காகம் (வெள்ளவத்தை) கேட்டது:

தொலைபேசியில் விற்பனை பேசி ஏமாற்றுவதற்கு எதிராகத் தனிச்சட்டம் வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு தயாராகிறது. மற்ற வரிகள் எல்லாம் ஒப்பேறிவிட்டன. 'தொலைபேசி வழியாக' என்பதற்குப் பக்கத்தில் 'இணையம் வழியாகவும்' என்று போடுவதா விடுவதா என்பதில்தான் இழுபறி.

போடு என்பவர்கள் சொல்வது: "பரிசு விழுந்திருக்கு, ரீலோட் கார்ட் நம்பரைச் சொல்லுங்கோ" என்று சாதாரண கோலில் வருபவன் பழைய ஆள். புதியவன் வாட்ஸ்அப்பில் வருகிறான், டெலிகிராமில் "வீடியோவுக்கு லைக் போட்டால் காசு" என்கிறான், தபால் திணைக்களத்தின் பெயரில் லிங்க் அனுப்புகிறான். தொலைபேசி என்று மட்டும் எழுதினால் சட்டம் பிறக்கும்போதே கிழடு.

விடு என்பவர்கள் சொல்வது: 'இணையம்' என்ற சொல்லை எழுதிக் கொடுத்தால் மோசடிக்காரன் தப்புவான், முகநூலில் எழுதுகிறவன் மாட்டுவான். இலங்கையில் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது சுட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிகிறது. இருக்கிற சட்டங்கள் எதுவரை போகின்றன, மற்ற நாடுகள் என்ன செய்தன, எந்த வாசகம் உண்மையில் வேலை செய்யும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "விழிப்புணர்வு வேண்டும்" என்ற பதில் வேண்டாம், அது நோட்டீஸிலேயே இருக்கிறது.

சட்டக்கோவை (புதுக்கடை) பதில்:

முதலில் ஒரு முடிச்சை அவிழ்ப்போம். ஏமாற்றிக் காசு பறிப்பது இங்கே ஏற்கெனவே குற்றம். எதன் வழியாக என்பது பொருட்டே இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 398ஆம் பிரிவு ஏமாற்றுதலை வரையறுக்கிறது. 399 ஆள்மாறாட்டம். ஏமாற்றி ஒருவரைப் பொருளைக் கொடுக்கச் செய்தால் 403ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. எந்த வீட்டிலும் போன் இல்லாத காலத்தில் எழுதிய பிரிவுகள், இன்றைய டெலிகிராம் கும்பலுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

குழப்பம் வருவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தால். "ஒன்லைனில் நடந்தது, ஆகவே கணினிக் குற்றம்" என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் மையம் அனுமதியற்ற நுழைவு. உங்களிடம் ஓடிபியை (வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டை) கறந்து அவன் உங்கள் கணக்குக்குள் போனால் 3ஆம், 4ஆம் பிரிவுகள் பொருந்தும். அவன் பேச்சை நம்பி நீங்களே உங்கள் விரலால் அழுத்திப் பணத்தை அனுப்பினால்? நுழைந்தது நீங்கள்தான், உங்கள் கணக்கு, உங்கள் அனுமதி. அங்கே கை கொடுப்பது 403தான். முறைப்பாடு எழுதும்போது இந்த இரண்டில் எது நடந்தது என்று முதல் பந்தியிலேயே தெளிவாகச் சொல்லாவிட்டால், கோப்பு மேசைக்கு மேசை அலையும்.

அப்படியென்றால் தொலைபேசி விற்பனைச் சட்டம் எதற்கு? அது புதிதாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பதில்லை. நேர்மையான விற்பனையாளனும் நடுவில் நிற்பவர்களும் என்ன செய்தாக வேண்டும் என்று கடமை போடுகிறது. அமெரிக்காவைப் பாருங்கள். 1994இல் சட்டம் வந்தது, அதன் கீழ் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1995இல் விதிகளை எழுதியது. காசு வாங்கும் முன் மொத்த விலையைச் சொல்ல வேண்டும். திருப்பித் தருவதில்லை என்றால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் வீடுகளுக்கு அழைக்கக் கூடாது. கடன் நிச்சயம் என்று சொல்லி முன்பணம் வாங்கக் கூடாது. "இழந்த காசை மீட்டுத் தருகிறோம்" என்பவர்கள், மீட்ட காசு கைக்கு வந்து ஏழு வேலை நாள் கழியும்வரை கட்டணம் கேட்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விதி. ஏமாந்தவர்களின் பட்டியலை வாங்கி அவர்களையே இரண்டாம் முறை மொட்டையடிக்கும் கூட்டத்தை அது ஒரே வரியில் பிடிக்கிறது. இங்கே முகநூல் குழுக்களில் "ஹேக்கரை வைத்து உங்கள் காசை மீட்கிறோம்" என்று வருகிறவர்களும் அதே கூட்டந்தான்.

இதைவிடப் பெரிய விதி ஒன்று இருக்கிறது. மோசடிக்காரனுக்குக் கணிசமாக உதவியவர், நடப்பது தெரிந்திருந்தாலோ, தெரியாமல் இருக்க வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டிருந்தாலோ அவரும் பொறுப்பு. அழைப்பவன் ஓடிவிடுவான். அவனுக்கு லைன் விற்றவன் ஓட முடியாது.

இப்போது உங்கள் கேள்வி. இதே இழுபறி அங்கே முப்பது வருடத்துக்கு முன்பே நடந்தது. 1995 பெப்ரவரியில் வந்த முதல் வரைவு, கணினி மோடம் வழித் தொடர்பையும் 'தொலைபேசி விற்பனை' என்ற வரையறைக்குள் இழுத்தது. ஜூனில் வந்த திருத்திய வரைவில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் இணைய மோசடி தப்பிவிடவில்லை. அதே ஆணைக்குழுவின் தாய்ச்சட்டத்தில் 5ஆம் பிரிவு, வணிகத்தில் ஏமாற்றும் செயல் எதையும் தடுக்கிறது, வழி எதுவென்று கேட்பதில்லை. இணைய வழக்குகளை அதை வைத்தே நடத்தினார்கள். பின்னர் ஓட்டை தெரிந்த இடத்தில் மட்டும் தையல் போட்டார்கள். "உங்கள் கணினியில் வைரஸ், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று திரையில் விளம்பரம் வரும். அழைப்பது வாடிக்கையாளர் என்பதால் பழைய விதியில் அப்படியான அழைப்புகள் பலவற்றுக்கு விலக்கு இருந்தது. 2024 நவம்பரில் அவற்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

நம்மிடம் அந்த 5ஆம் பிரிவுக்குச் சமமானது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள். தவறாக வழிநடத்தும் நடத்தை, பொய்யான கூற்று இரண்டையும் அவை தடுக்கின்றன. அங்கேயும் 'தொலைபேசி', 'இணையம்' என்ற பிரிவினை இல்லை. முகவரி உள்ள வணிகரிடம் பலிக்கும், முகமில்லாதவனிடம் பலிக்காது. அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுக்க மூன்று மாத எல்லை உண்டு, பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

ஆகவே என் அபிப்பிராயம்: 'இணையம்' என்று மொட்டையாக எழுத வேண்டாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் ஏமாற்றுதலும் ஆள்மாறாட்டமும் குற்றங்களாக இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை பேச்சைக் கட்டுப்படுத்தும் பிரிவுகளோடு ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. மூட்டையைத் தூக்கும்போது எது கையில் வரும் என்று சொல்ல முடியாது.

அலைவரிசை (தெமட்டகொடை) பதில்:

சட்டக்கோவை சேர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 'தொலைபேசி' என்று மட்டும் எழுதினாலும் ஓட்டைதான். தொழில்நுட்பப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

இன்றைக்குச் சாதாரண கோலும் பாதி வழி இணையத்தில்தான் வருகிறது. வெளிநாட்டில் இருந்து இணைய அழைப்பாகப் புறப்படுவதை, இங்கே ஒரு அறையில் வரிசையாக சிம் செருகிய பெட்டி ஒன்று உள்வாங்கி, உள்ளூர் கோலாக மாற்றி விடுகிறது. உங்கள் திரையில் தெரிவது 07இல் தொடங்கும் இலக்கம். இன்னொரு வகையில் பெட்டியே தேவையில்லை: அழைப்போர் இலக்கம் என்பது அனுப்புகிறவர் நிரப்பும் ஒரு கட்டம், எதையும் நிரப்பலாம். சர்வதேச நுழைவாயிலில், வெளியில் இருந்து வந்துகொண்டே +94 என்று சொல்லும் அழைப்பை, ரோமிங்கில் இருக்கும் உண்மையான வாடிக்கையாளரா என்று பார்த்து, இல்லையென்றால் வெட்ட வேண்டும். இதைக் கடமையாக எழுதலாம். பேச்சுச் சுதந்திரத்தோடு இதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

எஸ்எம்எஸ் இன்னும் மோசம். இலக்கத்துக்குப் பதிலாக வங்கியின் பெயர் தெரிகிறதே, அந்தப் பெயர்தான் 'மாஸ்க்'. உங்கள் போன் மெசேஜ்களைப் பெயரை வைத்தே அடுக்குகிறது. அதனால் கள்ளன் அதே பெயரில் அனுப்பினால், வங்கி அனுப்பிய பழைய உண்மையான ஓடிபிகளுக்குக் கீழே, அதே இழையில் போய் உட்கார்ந்துவிடும். கவனமான ஆட்களும் விழுவது இங்கேதான். சிங்கப்பூர் 2023 ஜனவரி இறுதியில் இருந்து பெயர் வைத்து அனுப்புகிறவர்கள் எல்லாரும் பதிந்தாக வேண்டும் என்றது. பதியாத பெயரில் வருவது 'மோசடியாக இருக்கலாம்' என்ற பட்டியோடு தனியாக விழும். அனுப்புகிறவன் பக்கத்தில் ஒரு பதிவேடு, வலையமைப்பில் ஒரு வடிகட்டி, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் தெரியும் இலக்கம் வேறு சங்கதி. அது கணக்குத் திறந்த அன்று ஆறு இலக்கக் குறியீட்டைப் பெறுவதற்கு மட்டும் பயன்பட்டது. அதன்பிறகு சிம்மைக் கழற்றி எறிந்தாலும் கணக்கு ஓடும். ஆகவே அந்த இலக்கம் யாருடைய அடையாள அட்டையில் பதிந்திருக்கிறது என்று தேடிப் போனால், தெருவோரத்தில் சிம் விற்றவனிடம் ஐசி கொடுத்த அப்பாவி யாராவதுதான் அகப்படுவார். தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழு சிம்மைத் துண்டிக்கச் சொல்லலாம், அந்த உரையாடல் நிற்காது.

'அழைக்க வேண்டாம்' பதிவேடு கேட்கிறீர்களா? அமெரிக்காவில் 2003இல் வந்தது. கள்ளன் அதைப் பார்த்துவிட்டு அழைப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். நேர்மையான கம்பனிகள் அழைப்பதை நிறுத்திவிடும், அதன்பிறகு வரும் விற்பனை அழைப்பு எதுவானாலும் அதுவே சந்தேகத்துக்குப் போதும். பயன் அதுதான். நம் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் (2022, 9ஆம் இலக்கம்) சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்பக் கூடாது என்று ஒரு பகுதி இருக்கிறது, அது எந்த ஊடகத்துக்கும் பொதுவானது. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வருவதைத்தான் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். மனுவில் கேட்க வேண்டிய விஷயம் இது.

மட்டக்குளி மறுப்பாளன் பதில்:

இரண்டு பேரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் விளம்பரம் விற்கிறவனை லாவகமாக விட்டுவிட்டீர்கள்.

போலி முதலீட்டு விளம்பரம் ஒன்றை எடுங்கள். பிரபலமானவரின் முகம், செய்தித்தளம் போன்ற பக்கம், 'மேலும் அறிய' என்ற பொத்தான். அதை அழுத்திப் பெயரும் போன் நம்பரும் கொடுத்த பிறகுதான் கோல் வருகிறது. கோல் இரண்டாம் கட்டம். முதல் கட்டம் காசு கொடுத்து வாங்கிய விளம்பரம், அந்தக் காசு போனது சமூக ஊடகக் கம்பனிக்கு. சட்டக்கோவை ஐயா சொன்ன 'கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்' விதியை லைன் விற்றவன்மேல் போடலாமென்றால், விளம்பரம் விற்றவன்மேல் ஏன் போடக் கூடாது? அதற்கு 'இணையம்' என்ற சொல் வேண்டுமே.

பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே அனுப்பிய பணத்துக்கும் 85,000 பவுண் வரை ஈடு கொடுக்க வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதி பாதி. நல்லது. ஆனால் விளம்பரத்தை ஓடவிட்டவன் அந்தக் கணக்கில் ஒரு பென்னியும் கொடுப்பதில்லை. சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் வந்த பொறுப்புப் பகிர்வுத் திட்டத்திலும் வங்கியும் தொலைத்தொடர்பும்தான் உள்ளே. போதாததற்கு அது போலித்தளத்தில் விவரம் திருடும் மோசடிக்கு மட்டும், நாமே அனுப்பியதற்கு இல்லை.

சட்டக்கோவை பதில்:

மறுப்பாளன் தம்பி சொல்வது சரி. ஆனால் அதற்குத் தேவையான சொல் 'இணையம்' இல்லை, 'கட்டணம் பெற்று வெளியிடும் விளம்பரம்'. காசு வாங்கினாயா, யாரிடம் வாங்கினாய், அவனுடைய அடையாளத்தைப் பார்த்தாயா? இந்த மூன்று கேள்வியோடு நிறுத்தலாம். ஒருவர் தன் பக்கத்தில் சும்மா எழுதுவது இதற்குள் வரவே வராது. முகநூல் விளம்பரமானாலும் பஸ்ஸின் பின்பக்கம் ஒட்டியதானாலும் ஒரே விதி.

கணக்குப்பிள்ளை (கொட்டாஞ்சேனை) பதில்:

வாசகம் எழுதுகிறவர்கள் காசு போகும் வழியையும் பாருங்கள். வாய் தொலைபேசியாக இருக்கலாம், வாட்ஸ்அப்பாக இருக்கலாம், காசு கடைசியில் ஒரு வங்கிக் கணக்கில்தான் இறங்குகிறது.

வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பணமாற்று முறையான செஃப்ட்ஸ் வழியாக அனுப்பினால் வினாடிகளில் மற்ற வங்கியில் வரவாகிவிடும். அந்தக் கணக்கு பெரும்பாலும் வாடகைக் கணக்கு. "வீட்டில் இருந்தே வேலை, உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை மாற்றி அனுப்பினால் கொமிஷன்" என்று பிடித்த ஆளுடையது. அங்கிருந்து சில நிமிடங்களில் மூன்று நான்கு கணக்குகளாகப் பிரிந்து, ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ மறையும். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் ஒரு பதிவை நீக்க 24 மணி நேர அவகாசம். அந்த வேகம் பதிவுக்குச் சரி, பணத்துக்குச் சவ ஊர்வலம்.

ஆகவே மனுவில் கேட்க வேண்டியவை என்று எனக்குப் படுவது: புதிதாகச் சேர்த்த ஒருவருக்கு முதல் தடவை பெருந்தொகை அனுப்பும்போது சில மணி நேரத் தாமதம். அனுப்பும் முன், நாம் எழுதிய பெயர் கணக்குக்காரரின் பெயரோடு பொருந்துகிறதா என்று திரையில் காட்டுவது (பிரித்தானியப் பெரிய வங்கிகளில் 2020 முதல் நடக்கிறது). முறைப்பாடு வந்தவுடன் பெற்ற வங்கி பணத்தை நிறுத்திவைக்கச் சட்டப் பாதுகாப்பு. இப்போது பெற்ற வங்கி தயங்குவதற்குக் காரணம், தவறாக நிறுத்தினால் தன் வாடிக்கையாளன் வழக்குப் போடுவான் என்ற பயம். அந்தப் பயத்தை நீக்கும் ஒரு பிரிவு, பத்துத் தண்டனைப் பிரிவுகளுக்குச் சமம்.

ஏமாந்தவர் இந்த இழைக்கு வந்து சேர்ந்தால் என்பதற்காக, வரிசையையும் எழுதிவிடுகிறேன். வரிசை முக்கியம்.

முதலில் உங்கள் வங்கியின் 24 மணி நேர இலக்கம். அட்டையின் பின்பக்கத்தில் இருப்பதை அழையுங்கள். கூகுளில் தேடி எடுக்க வேண்டாம், அங்கேயும் போலி இலக்கம் விளம்பரமாக வரும். "ஏமாற்றப்பட்டேன்" என்று கதை சொல்லத் தொடங்காமல் கொடுக்கல் வாங்கல் இலக்கம், தொகை, நேரம், போன கணக்கு, அந்த வங்கி இந்த ஐந்தையும் சொல்லிப் பெற்ற வங்கிக்கு உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். பேசியவரின் பெயர், முறைப்பாட்டு இலக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது திரைப் படங்கள், அதுவும் அவனைத் திட்டுவதற்கு முன். டெலிகிராமில் அவன் இருவருக்கும் சேர்த்து அழித்தால் உங்கள் பக்கத்திலும் உரையாடல் முழுவதும் போய்விடும். பயனர் பெயரையும் நினைத்த நேரம் மாற்றலாம். ஆகவே அவனுடைய விவரப் பக்கம், குழுவின் பெயர், லிங்க் முழுவதும், திகதியும் நேரமும் தெரியும்படி பிடித்து, வேறு ஒரு இடத்துக்கு அனுப்பிவைத்துவிட்டு, அதன்பிறகு வேண்டியமட்டும் திட்டலாம்.

பிறகு பொலிஸ். பக்கத்து நிலையத்தில் பதிந்து முறைப்பாட்டின் பிரதி வாங்குங்கள். சீஐடியின் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கும் கொடுக்கலாம். தொழில்நுட்ப உதவிக்கு இலங்கை சேர்ட் (கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் அரச அமைப்பு), இலக்கம் 101. வங்கி கையை விரித்தால் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், 1935. முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொன்று. தபால் பொதி எஸ்எம்எஸ் வகையில் கேட்பது சிறு தொகை, எடுப்பது பெருந்தொகை. அட்டை விவரம் கொடுத்தவுடன் வரும் ஓடிபி மெசேஜை முழுதாக வாசியுங்கள். பெரும்பாலும் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே தொகையும் கடையின் பெயரும் இருக்கும். சில்லறைக் கட்டணத்துக்குப் போன இடத்தில் ஐந்து இலக்கத் தொகை தெரியும். எல்லாரும் ஆறு எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். லிங்க் போலியா என்று பார்க்க, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாக வாசியுங்கள். அரசாங்கத் தளம் 'டொட் கவ் டொட் எல்கே' என்று முடியும். 'எல்கே' நடுவில் எங்கோ இருந்து கடைசியில் 'டொட் டொப்' என்று முடிந்தால் அது தபால் திணைக்களம் இல்லை.

காலிவீதிக் காகம் பதில்:

எல்லாருக்கும் நன்றி. வரைவை இப்படி மாற்றியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, செயலி வழிச் செய்தி ஆகிய எதன் மூலமாகவும் ஒருவரைத் தனியாகத் தொடர்புகொண்டு பணமோ கணக்கு விவரமோ கேட்பது இச்சட்டத்துக்குள் அடங்கும். பொதுவெளியில் கருத்து வெளியிடுவது அடங்காது. அழைப்பைக் கடத்துபவர், பெயர் மாஸ்க்கை வழங்குபவர், கட்டணம் பெற்று விளம்பரம் வெளியிடுபவர், பணத்தைப் பெறும் கணக்கை நடத்தும் நிறுவனம் ஆகியோருக்குரிய கடமைகள் அட்டவணையில் உள்ளன."

'இணையம்' என்ற சொல் எங்கேயும் வரவில்லை. போடு என்றவர்களிடம் காட்டினேன், தாங்கள் கேட்டது இதைத்தான் என்கிறார்கள். விடு என்றவர்களும் அதையே சொல்கிறார்கள்.

சட்டக்கோவை பதில்:

நல்ல வரைவு. இரண்டு திருத்தம். 'பணமோ கணக்கு விவரமோ' என்பதோடு 'ஓடிபி, சரிபார்ப்புக் குறியீடு' என்றும் போடுங்கள். வாட்ஸ்அப் கணக்கைப் பறிப்பவன் கேட்பது அந்தக் குறியீட்டை மட்டுமே. காசை அவன் பிறகு உங்கள் பெயரில் உங்கள் மாமியிடம் கேட்பான்.

மற்றது தரவுப் பாதுகாத்தல். கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அழியக்கூடிய தகவலைப் பாதுகாத்து வைக்கும்படி புலனாய்வு அதிகாரி கொடுக்கும் அறிவித்தல் ஏழு நாள்தான் தாங்கும். அதற்குமேல் நீதவானிடம் போய் மொத்தம் 90 நாள் வரை நீடிக்க வேண்டும். கோப்பு ஒரு மேசையில் எட்டு நாள் கிடந்தால் பதிவு போய்விடலாம். வெளிநாட்டுக் கம்பனியிடம் இருக்கும் தரவுக்கு புடாபெஸ்ட் சமவாயத்தின் (இணையக் குற்றங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை) வழி இருக்கிறது, இலங்கை 2015இல் சேர்ந்தது. ஆனால் அந்தக் கோரிக்கையும் இங்கிருந்து நேரத்துக்குப் போக வேண்டும். அட்டவணையில் அந்த ஏழு நாளை முப்பது நாளாக்கச் சொல்லிக் கேளுங்கள்.